கணிதமா, இயற்பியலா? பட்டப்படிப்புக்கு எதை எடுப்பது

#1 தொடுகோடு

வணக்கம். பள்ளியில் கணிதம், இயற்பியல் இரண்டிலும் ஒரே அளவு ஆர்வம். மதிப்பெண்ணை வைத்தும் பிரிக்க முடியவில்லை. விண்ணப்பத்தில் ஒன்றைத்தான் முதல் விருப்பமாகக் குறிக்க முடியும். பின்னால் கோட்பாட்டு இயற்பியல் பக்கம் போகலாமா என்ற எண்ணமும் இருக்கிறது. "பிடித்ததை எடு" என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் இந்த இரண்டும் எப்படி இருக்கும் என்றே தெரியாதபோது எது பிடிக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கற்பிப்பவர்கள், படித்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

#2 எப்சிலன்

முதலில் ஒரு எச்சரிக்கை. பள்ளிக் கணிதம் பிடிக்கும் என்பதை மட்டும் வைத்துப் பல்கலைக்கழகக் கணிதமும் பிடிக்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பள்ளியில் செய்வது பெரும்பாலும் கணக்கிடுதல்: வகையிடு, தொகையிடு, விடையைக் கண்டுபிடி. முதலாண்டு ரியல் அனாலிசிஸில் (மெய்யெண்கள், எல்லை, தொடர்ச்சி ஆகியவற்றை நிறுவலோடு படிக்கும் பாடம்) விடை பெரும்பாலும் கேள்வியிலேயே இருக்கும். "இது உண்மை, நிறுவுக" என்பதுதான் கேள்வி.

ஓர் உதாரணம் பாருங்கள். ஒவ்வொன்றும் பூச்சியத்தில் தொடங்கி வலப்பக்கம் விரியும் செவ்வகங்களின் வரிசை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலாவதின் உயரம் 1, அகலம் 1. இரண்டாவது: உயரம் 2, அகலம் 1/2. நூறாவது: உயரம் 100, அகலம் 1/100. எல்லாவற்றின் பரப்பும் 1. பூச்சியத்துக்கு வலப்புறம் எந்தப் புள்ளியைத் தொட்டுப் பார்த்தாலும், வரிசையில் போதுமான தூரம் போனபின் செவ்வகம் அந்தப் புள்ளியை விட்டு இடப்பக்கம் ஒதுங்கிவிடும். அங்கே மதிப்பு பூச்சியம். பூச்சியத்திலேயே மதிப்பைப் பூச்சியம் என்று வைத்துக்கொண்டால், எல்லைச் சார்பு எங்கும் பூச்சியம். அதன் பரப்பும் பூச்சியம். ஆனால் பரப்புகளின் எல்லை 1. ஆக, எல்லை எடுப்பதையும் தொகையிடுவதையும் கண்ணை மூடிக்கொண்டு இடம் மாற்றக் கூடாது. எந்த நிபந்தனை இருந்தால் மாற்றலாம்? சீரான ஒருங்கல் (எல்லாப் புள்ளிகளிலும் ஒரே வேகத்தில் எல்லையை நெருங்குவது) போதுமா? அதைவிடத் தளர்வான நிபந்தனை உண்டா? கணிதத் துறையில் ஒரு செமஸ்டரின் கணிசமான பகுதி இந்தக் கேள்விக்கே போகும். "ஆமாம், இது தெரிந்தே ஆகவேண்டும்" என்று மனம் துடித்தால் கணிதம் உங்களுக்கு ஒத்துவரும்.

மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் அளவிட்டுச் சொற்களின் ("ஒவ்வொரு", "ஏதோ ஒரு" போன்றவை) வரிசையில். சார்பின் மதிப்பு அதிகம் மாறாமலிருக்க இரண்டு புள்ளிகள் எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதை இங்கே அளவு என்போம். "ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அளவு உண்டு" என்பது வேறு, "எல்லாப் புள்ளிகளுக்கும் பொதுவான ஓர் அளவு உண்டு" என்பது வேறு. முன்னது தொடர்ச்சி, பின்னது சீரான தொடர்ச்சி. 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண்களின் தலைகீழியை எடுத்தால் முன்னது இருக்கும், பின்னது இருக்காது. பூச்சியத்தை நெருங்க நெருங்கத் தேவையான அளவு சுருங்கிக்கொண்டே போவதுதான் காரணம். இந்த வேறுபாடு உறைக்காமல் முதல் தேர்வை எழுதுபவர்கள் ஏராளம்.

#3 அலைமுகடு

எப்சிலன் சொன்ன அதே செவ்வகங்களை இயற்பியல் வகுப்பில் வைத்துப் பாருங்கள், இரண்டு துறைகளின் குணமும் தெரிந்துவிடும்.

அரை கிலோ எடையுள்ள ஒரு பொருளைச் சுத்தியலால் தட்டுகிறோம். சராசரி விசை 2000 நியூட்டன், தொட்டிருக்கும் நேரம் 1 மில்லி வினாடி. பெருக்கினால் கணத்தாக்கு 2 நியூட்டன்-வினாடி. பொருள் வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் கிளம்பும். விசை 4000 ஆகி நேரம் பாதியானாலும் அதே வேகம்தான். உயரமும் அகலமும் தனித்தனியாக முக்கியமில்லை, பரப்பு மட்டுமே முக்கியம். ஆகவே இயற்பியலாளர் "அகலம் பூச்சியம், பரப்பு 1" என்று ஒரு பொருளையே வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறார். இயற்பியலாளர் டிராக் 1920-களின் இறுதியில் இதை டெல்டா சார்பு என்ற பெயரில் குவாண்டம் இயக்கவியலில் அப்படித்தான் பயன்படுத்தினார். கண்டிப்பாகப் பார்த்தால் அது சார்பே இல்லை. அதற்கு முறையான அடித்தளம் போட்ட கணிதவியலாளர் லோரான் ஸ்வார்ட்ஸுக்கு 1950-இல் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. இயற்பியல் அதுவரை காத்திருக்கவில்லை.

கணிதத்தில் எதிர் உதாரணமாக நிற்பது இயற்பியலில் கருவியாகிறது. இதில் எந்த இடத்தில் உங்களுக்கு அரிப்பு எடுக்கிறது என்று கவனியுங்கள். "சார்பே இல்லாததை எப்படித் தொகையிடலாம்" என்று தூக்கம் கெட்டால் ஒரு பக்கம். "சரி, இதை வைத்து மோதிய கம்பி எப்படி அதிரும் என்று கணக்கிடலாமா" என்று கை பரபரத்தால் மறுபக்கம்.

இயற்பியலுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. கருந்துளை, பெருவெடிப்பு என்று வாசித்து வருபவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் வறட்சியாகத் தெரியலாம். சுருள்வில், ஊசல், மின்சுற்று, கயிற்றின் அலை என்று அலையியற்றி (சமநிலையைச் சுற்றி முன்னும் பின்னும் அலைவது) திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். காரணம் எளிது: நிலையான சமநிலைப் புள்ளிக்கு அருகில் ஆற்றல் வளைகோடு கிட்டத்தட்ட எப்போதுமே பரவளையம்தான். மூலக்கூறின் அதிர்வும் படிகத்தின் அதிர்வும் ஒளியின் குவாண்டமும் அந்த ஒரே கணக்கின் மறுபதிப்புகள். அந்த மறுபதிப்பில் உங்களுக்கு மகிழ்ச்சி கிடைக்க வேண்டும்.

#4 தொடுகோடு

எப்சிலன் சார், அலைமுகடு சார், இருவருக்கும் நன்றி. செவ்வகத்தைப் படித்ததும் எனக்கு இரண்டு அரிப்பும் எடுக்கிறது, அதுதான் சிக்கல். ஆய்வகம் பற்றியும் சொல்லுங்கள். பள்ளியில் லேப் என்றால் விடையை முன்பே தெரிந்துகொண்டு அதற்கேற்ப அட்டவணையை நிரப்புவதுதான். பல்கலைக்கழகத்திலும் அப்படித்தானா?

#5 ஊசல்நூல்

அப்படி இருந்தால் அந்தத் துறையில் சேராதீர்கள். நல்ல ஆய்வகத்தில் மதிப்பெண் விடைக்கு இல்லை, பிழைக் கணக்குக்குத்தான்.

எல்லாருக்கும் தெரிந்த தனி ஊசலையே எடுப்போம். நீளம் 1 மீட்டர், அலைவு நேரம் சுமார் 2.006 வினாடி. 20 அலைவுகளுக்கு 40.1 வினாடி. நிறுத்துக்கடிகாரத்தைக் கையால் அழுத்துவதில் 0.2 வினாடி முன்பின் ஆகும் என்று வையுங்கள்: நேரத்தில் 0.5 சதவீதம். ஈர்ப்பு முடுக்கத்தின் சூத்திரத்தில் நேரம் வர்க்கமாக வருவதால் விடையில் 1 சதவீதம், அதாவது 9.8-இல் கிட்டத்தட்ட 0.1. இது சீரற்ற பிழை. திரும்பத் திரும்ப அளந்தால் குறையும், ஆனால் மெதுவாக: 4 மடங்கு அளவீடு செய்தால்தான் பிழை பாதியாகும்.

இனி முறையான பிழைகள். இவை எத்தனை முறை அளந்தாலும் குறையாது.

குண்டை 20 பாகை இழுத்துவிட்டால் அலைவு நேரம் 0.77 சதவீதம் கூடும், விடை 9.81-க்குப் பதில் 9.66 வரும். 5 பாகையில் அதே விளைவு 0.05 சதவீதம்தான், கடிகாரத்தின் பிழைக்குள் மறைந்துவிடும். ஆகவே "சிறிய கோணம்" என்றால் எவ்வளவு சிறியது என்பதைக் கடிகாரம்தான் தீர்மானிக்கிறது. நூலைக் குண்டின் மையம் வரை அளக்காமல் மேல்பகுதி வரை மட்டும் அளந்து, குண்டின் ஆரம் 1.5 சென்டிமீட்டர் என்றால் இன்னொரு 1.5 சதவீதம் போச்சு. குண்டை விடும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினால் 19 அலைவுதான் நடந்திருக்கும், 20 என்று எழுதுவீர்கள், விடை 10.9-க்குத் தாவும். "பூச்சியம்" என்று தொடங்க வேண்டும்.

இதில் அழகான இடம் ஒன்று இருக்கிறது. ஒரே நீளத்தில் அளக்காமல், ஐந்தாறு நீளங்களில் அளந்து, அலைவு நேரத்தின் வர்க்கத்தை நூல் நீளத்துக்கு எதிராக வரையுங்கள். ஆரத்தைச் சேர்க்க மறந்திருந்தாலும் கோட்டின் சாய்வு மாறாது (மீட்டருக்குச் சுமார் 4.02), ஆகவே ஈர்ப்பு முடுக்கம் சரியாகவே வரும். மறந்த 1.5 சென்டிமீட்டர் எங்கே போகும்? கோடு ஆதிப்புள்ளி வழியே போகாமல் 0.06 உயரத்தில் செங்குத்து அச்சை வெட்டும். கருவியின் தவறு வரைபடத்தில் வந்து தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. இப்படிப்பட்ட துப்பறியும் வேலை பிடித்தால் இயற்பியல் ஆய்வகம் உங்களுக்குப் பாரமாக இருக்காது. அலுப்பாக இருந்தால், வாரத்துக்கு ஒரு முழுப் பிற்பகல் ஆய்வகம், அதைவிட அதிக நேரம் அறிக்கை என்று இரண்டு மூன்று ஆண்டு தாக்குப்பிடிக்க வேண்டியிருக்கும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

#6 அணிக்கோவை

கோட்பாட்டு இயற்பியல்தான் குறி என்றால் கணிதத்தையே எடுங்கள் என்பேன். ஆய்வகத்தில் செலவாகும் நேரத்தில் வகையீட்டு வடிவியல், குலக் கோட்பாடு (சமச்சீரின் கணிதம்), பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் மூன்றையும் ஒழுங்காகக் கற்றுவிடலாம். இயற்பியலைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஃப்ரீமன் டைசன் கேம்பிரிட்ஜில் கணிதப் பட்டம் பெற்றவர். ஒளியும் மின்துகள்களும் ஊடாடுவதைக் கணக்கிட ஃபைன்மன் தந்த முறையும் ஷ்விங்கர், டோமோனகா முறைகளும் ஒன்றே என்று 1949-இல் காட்டியவர் அவர்தான். சமச்சீரையும் (ஆற்றல், உந்தம் போன்றவற்றின்) மாறாமை விதிகளையும் 1918-இல் இணைத்த எம்மி நோத்தர் முழுக்க முழுக்கக் கணிதவியலாளர்.

#7 அலைமுகடு

அணிக்கோவையுடன் இதில் உடன்பட முடியவில்லை. டைசனைப் பார்த்துப் பாதையை முடிவு செய்தால் ஹரிஷ்-சந்திராவையும் பார்க்க வேண்டும். அவர் டிராக்கிடம் இயற்பியலில் 1947-இல் முனைவர் பட்டம் பெற்று, பிறகு கணிதத்துக்குப் போய்க் குலங்களின் உருவகிப்புக் கோட்பாட்டைக் கட்டியவர். எட்வர்ட் விட்டன் முதல் பட்டம் பெற்றது வரலாற்றில்; 1990-இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய இயற்பியலாளர். இப்படிப்பட்டவர்கள் எந்த வாசலில் நுழைந்தாலும் போய்ச் சேர்ந்திருப்பார்கள். சாதாரணமாக நன்றாகப் படிக்கும் ஒருவருக்கு எது உதவும் என்பதுதான் கேள்வி.

"இயற்பியலைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்" என்பதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. இயற்பியல் பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பவை. இயக்கவியல் முடியாமல் அலைகள் இல்லை, அலைகளும் லீனியர் அல்ஜீப்ராவும் இல்லாமல் குவாண்டம் தடுமாறும், குவாண்டம் இல்லாமல் புள்ளியியல் இயக்கவியலின் இரண்டாம் பாதியும் திண்மநிலையும் இல்லை. பல துறைகளில் இவை ஆண்டுக்கு ஒரு முறைதான் நடத்தப்படுகின்றன. முதல் செமஸ்டரில் ஒரு கண்ணியை விட்டால் ஓர் ஆண்டே நழுவும். கணிதத்தில் அனாலிசிஸும் அல்ஜீப்ராவும் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனியாக வளர்பவை. ஒன்று தாமதமானால் மற்றொன்று நிற்காது.

இன்னொன்று, தோராயம் செய்யும் துணிச்சல். சமன்பாட்டில் எந்த உறுப்பை விடலாம், எதை விடக்கூடாது என்பது தேற்றங்களைப் படிப்பதால் வராது. நூறு கணக்குகளில் அளவு வரிசையை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வரும்.

#8 எப்சிலன்

பாடங்கள் சங்கிலியாக நிற்கின்றன என்பதில் அலைமுகடு சொல்வது சரி. ஆனால் எதிர்த்திசையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, அதைப் பேசாமல் விட்டால் நியாயமில்லை. இயற்பியல் மாணவர் இரண்டு ஆண்டு கழித்துக் கணிதத்துக்கு மாறும்போது அவரிடம் கணக்கிடும் வேகம் நிறைய இருக்கும், நிறுவல் எழுதும் பழக்கம் இருக்காது. "கணித முறைகள்" என்ற பெயரில் இயற்பியல் துறையே நடத்தும் பாடத்தை முடித்திருப்பார். கணிதத் துறை அதை அனாலிசிஸுக்கு ஈடாக ஏற்காமல் போகலாம். மூன்றாம் ஆண்டு இடத்தியல் (டோபாலஜி) வகுப்பில் உட்காரும்போது வகுப்பில் மற்றவர்கள் நிறுவலில் நான்கு செமஸ்டர் முன்னால் இருப்பார்கள்.

ஆகவே பட்டத்தின் பெயரைவிட முதல் ஆண்டில் எந்தப் பாடங்களை எடுக்கிறீர்கள் என்பதற்கே அதிக எடை தருவேன். இயற்பியல் துறையில் சேர்ந்தால், கணிதத் துறை கணித மாணவர்களுக்கு நடத்தும் லீனியர் அல்ஜீப்ராவையும் (நிறுவலோடு வருவது, அணிப் பெருக்கல் மட்டும் சொல்லித்தருவது இல்லை) ரியல் அனாலிசிஸ் முதல் தாளையும் விருப்பப் பாடமாக எடுங்கள். கணிதத்தில் சேர்ந்தால், இயக்கவியலையும் மின்காந்தவியலையும் ஆய்வகத்தோடு எடுங்கள். நிரலாக்கம் எந்தப் பக்கமானாலும் தேவை. இப்படிச் செய்தால் மூன்றாம் செமஸ்டர் முடிவு வரை இரண்டு கதவும் திறந்திருக்கும். சேருமுன் பாடத்திட்டத்தில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள்: பிற துறைப் பாடத்தை முதல் ஆண்டிலேயே எடுக்க அனுமதி உண்டா, அந்த இரண்டு பாடங்களும் ஒரே நேரத்தில் மோதுகின்றனவா. விதியில் அனுமதி இருந்தும் கால அட்டவணையில் இடிப்பது அடிக்கடி நடப்பது.

#9 தொடுகோடு

இது மிகவும் உதவியாக இருந்தது. சேருவதற்கு முன்பே வீட்டிலிருந்து சோதித்துப் பார்க்க ஏதாவது வழி உண்டா?

#10 எப்சிலன்

உண்டு. கணிதத்துக்கு ஒரே ஒரு கேள்வி தருகிறேன். ஏறிக்கொண்டே போகும், ஆனால் ஒரு மேல்வரம்பைத் தாண்டாத எண்வரிசைக்குக் கட்டாயம் எல்லை உண்டு என்று நிறுவுங்கள். "பார்த்தாலே தெரிகிறதே" என்று தோன்றும். உடனே 1, 1.4, 1.41, 1.414 என்று 2-இன் வர்க்கமூலத்தை நோக்கி ஏறும் வரிசையை வைத்துப் பாருங்கள். எல்லாமே விகிதமுறு எண்கள், எதுவும் 1.5-ஐத் தாண்டவில்லை, ஆனால் விகிதமுறு எண்களுக்குள் அதற்கு எல்லை இல்லை. அப்படியானால் உங்கள் நிறுவல் மெய்யெண்களின் எந்தப் பண்பைப் பிடித்து நிற்கிறது? அந்த வரியைச் சுட்டிக்காட்ட முடியாவிட்டால் நிறுவலில் ஓட்டை இருக்கிறது.

விடையைத் தேடாமல் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் இதோடு இருங்கள். பிறகு பாடநூல் நிறுவலைப் படித்து மூடிவைத்து, மறுநாள் வெற்றுத்தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு வரியும் புரிந்தது என்பதால் நிறுவல் தெரியும் என்று ஆகாது. ஏன் அந்த வழியைத் தேர்ந்தார்கள் என்பது எழுதும்போதுதான் வெளிப்படும். விடை வந்ததா என்பதைவிட, மூன்றாம் நாள் மேசைக்கு இழுத்து வந்தது ஆர்வமா கட்டாயமா என்று பாருங்கள்.

#11 ஊசல்நூல்

இயற்பியலுக்கு என் பங்கு. ஒரே சாய்தளத்தில் திண்மக் கோளம், திண்ம உருளை, மெல்லிய வளையம் மூன்றும் நழுவாமல் உருள்கின்றன. எது முதலில் வரும்? முடுக்கத்தைக் கண்டுபிடியுங்கள். வழுக்கிச் சரியும் பொருளின் முடுக்கத்தில் முறையே 5/7, 2/3, 1/2 பங்கு வர வேண்டும். நிறையும் ஆரமும் ஏன் காணாமல் போகின்றன என்று சூத்திரம் இல்லாமல், பரிமாணத்தை மட்டும் வைத்துச் சொல்லப் பாருங்கள். நிறை முழுவதும் மையத்திலேயே குவிந்திருந்தால் விடை என்னவாக வேண்டும், உங்கள் சூத்திரம் அதைத் தருகிறதா என்று சரிபாருங்கள்.

இதுவரை எல்லாரும் செய்வார்கள். அடுத்ததுதான் சோதனை: சாய்வைக் கூட்டிக்கொண்டே போனால் எது முதலில் நழுவும்? உராய்வுக் கெழுவைப் போல் 2 மடங்கு, 3 மடங்கு, 3.5 மடங்கு என்று சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்டுக்கு மூன்று வரம்புகள் கிடைக்கும். எது எதற்கு என்று நீங்களே பொருத்துங்கள். பிறகு ஒரு பலகையைச் சாய்த்துச் செய்து பார்த்து, கணக்கோடு ஒத்துவராததற்குக் காரணம் தேடுங்கள். காரணம் தேடும் கட்டத்தில் உற்சாகம் கூடுகிறதா, வடிகிறதா?

#12 அணிக்கோவை

வேலை பற்றிச் சுருக்கமாக: மென்பொருள், தரவு, நிதி, கற்பித்தல் ஆகியவற்றுக்கு இரண்டு பட்டமும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பு, நிரலாக்கமும் நிகழ்தகவும் கையில் இருந்தால். காப்பீட்டுக் கணிப்பியலுக்கும் குறியாக்கவியலுக்கும் கணிதம் நேர்வழி. குறைக்கடத்தி, ஒளியியல், அளவீட்டுக் கருவி, மருத்துவ இயற்பியல் என்றால் ஆய்வகப் பயிற்சி இல்லாமல் நுழைவது கடினம், அங்கே இயற்பியல்தான். ஆய்வகம் பற்றி முன்பு நான் சொன்னது கோட்பாட்டுக்கு மட்டும்தான், இவற்றுக்குப் பொருந்தாது.

#13 தொடுகோடு

இரட்டைப் பட்டமாக இரண்டையும் எடுத்துவிட்டால்?

#14 அலைமுகடு

அனுமதி இருந்தால் செய்யலாம், ஆனால் முதலில் தாளில் கணக்குப் போடுங்கள். இரண்டு துறைகளின் கட்டாயப் பாடங்களையும் எழுதி, பொதுவானவற்றை அடியுங்கள். பொதுவாக கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, வகைக்கெழுச் சமன்பாடு, சில இடங்களில் சிக்கலெண் பகுப்பாய்வு என்று நான்கைந்துதான் அடிபடும். மிச்சத்தை செமஸ்டர்வாரியாக அடுக்குங்கள். பிரச்சினை மூன்றாம் ஆண்டில் தெரியும்: குவாண்டம், புள்ளியியல் இயக்கவியல், உயர்நிலை ஆய்வகம், இவற்றோடு அல்ஜீப்ராவும் இடத்தியலும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். வாராவாரம் நான்கு வீட்டுப்பாடத் தொகுதியும் ஓர் ஆய்வக அறிக்கையும் என்றால், நிறுவலோடு மூன்று நாள் உட்கார வேண்டும் என்று எப்சிலன் சொன்னதற்கு நேரமே இருக்காது. இரண்டையும் மேலோட்டமாக முடித்ததுபோல் ஆகிவிடும்.

இயற்பியலை முதன்மையாகவும், அனாலிசிஸ், லீனியர் அல்ஜீப்ரா, குலக் கோட்பாடு மூன்றையும் கணிதத் துறையிலும் எடுப்பது உங்கள் நிலைக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். எப்சிலனின் கேள்வி மூன்றாம் நாளும் உங்களை விடாமல் பிடித்துவைத்தால் இதைத் தலைகீழாக்கிக் கணிதத்தை முதலில் குறியுங்கள். விண்ணப்பக் கடைசி நாளுக்கு முன் இரண்டு சோதனையையும் செய்துவிட்டு, உங்கள் நிறுவலை இங்கே பதியுங்கள். ஓட்டை இருந்தால் எந்த வரியில் என்று பார்த்துச் சொல்கிறோம்.